நல்ல தண்ணிச் சேம்பு

ஜெயக்கொடி வீட்டுச் சேம்பின் இலை நுனியிலிருந்து நல்ல தண்ணி சொட்ட ஆரம்பித்த காலையில் வட்டக்கிணற்றுத் தெருவில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. முதல் குடத்தை யார் வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. தூத்துக்குடியில், அதுவும் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பழக்கமே கிடையாது. குழாயில் வந்தால் பிடிப்பார்கள், லாரியில் வந்தால் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள், இலையில் வந்தால் இலைக்குக் கீழே குடத்தை வைப்பார்கள், அவ்வளவுதான். தெருவுக்குப் பேர் கொடுத்த வட்டக்கிணற்றில் எந்தக் கோடையிலும் தண்ணி கிடந்தது, ஆனால் வாயில் வைக்க முடியாத கரிப்பு. அந்தக் கரிப்புத் தண்ணியைத்தான் ஜெயக்கொடி வாளி வாளியாக இறைத்து ஊற்றினாள்; செடி அதைக் குடித்துவிட்டு, உப்பை மட்டும் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூக்க விட்டுவிட்டு, மிச்சத்தை இலை வழியே இளநீர்ச் சுவையோடு திருப்பிக் கொடுத்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்றுதான் தெரு நினைத்தது.

அந்தச் செடி வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் எதிர்வீட்டுச் சிவகனியைச் சொல்ல வேண்டும். சிவகனி, ஜெயக்கொடியின் வீட்டுக்காரர் லிங்கதுரைக்கு உடன்பிறந்த அக்காள். ஜெயக்கொடிக்கு மைனி முறை. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட, பிள்ளை குட்டி இல்லாத சிவகனி, தம்பி மகள் முத்தரசியைத்தான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலம்தான் தெரு, அந்த அகலத்தில் நாள் முழுக்கக் கிண்ணங்கள் போவதும் வருவதுமாக இருக்கும். இந்த வீட்டில் மீன் கொதித்தால் அந்த வீட்டில் சோறு வடிப்பார்கள், இந்த வீட்டில் புளி தீர்ந்தால் அந்த வீட்டில் பானை திறக்கும், யார் வீட்டு உலையில் யார் வீட்டு அரிசி வெந்தது என்று அவர்களுக்கே தெரியாது.

அப்படி இருந்தவர்கள் ஒரு வாழை இலையால் பிரிந்தார்கள். முத்தரசி கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, முதல் பந்தியில் முதல் ஆளாக மைனியைத்தான் உட்கார வைத்தாள் ஜெயக்கொடி. இலையையும் தன் கையாலேயே போட்டாள். எதிரே நின்று போட்டவள், அவசரத்தில், தன் இடக்கைப் பக்கம் நுனி வருகிற மாதிரி போட்டுவிட்டாள். உட்கார்ந்திருந்த சிவகனிக்கு அந்த நுனி வலப்பக்கம் வந்து விழுந்தது. நுனியை வலப்பக்கம் வைத்து இலை போடுவது அவர்கள் பக்கத்தில் துட்டி வீட்டில், கருமாதிச் சோற்றுக்குத்தான். ஜெயக்கொடி சட்டென்று கண்டுகொண்டு, நாக்கைக் கடித்து, இலையைத் திருப்பிப் போட்டாள். அவள் நிமிர்வதற்குள் சிவகனி எழுந்து நின்றிருந்தாள்.

"தாலி அறுத்தவளுக்கு இந்த இலை போதும்னு நெனச்சிட்ட, என்னா? நல்லாரு தாயி. இனிமே உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கை நனைக்க மாட்டேன் என்றால் சோறு மட்டும் இல்லை. காப்பி இல்லை, மோர் இல்லை, அந்த வீட்டுச் செம்பில் ஒரு வாய்த் தண்ணிகூட இல்லை. ஜெயக்கொடி ஆள் மேல் ஆள் விட்டு விளக்கம் சொன்னாள். எதிரே நின்று போட்டால் வலது இடதாகவும் இடது வலதாகவும் ஆகிவிடும் என்பதை லிங்கதுரை ஒரு முறத்தை வைத்தும், சம்பந்தி வீட்டார் ஒரு செய்தித்தாளை விரித்தும் காட்டினார்கள். சிவகனி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள், "வெளங்குது, வெளங்குது" என்று தலையையும் ஆட்டினாள், வர மட்டும் இல்லை.

ஜெயக்கொடிக்கு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. மைனிக்குச் சேனைக்கிழங்கு மசியல் என்றால் உயிர் என்பது ஞாபகம் வந்து, உப்பு லாரி ஓட்டிக்கொண்டு மலையாளத்துக்குப் போகிற லிங்கதுரையிடம், "கொட்டாரக்கரைச் சந்தையில நல்ல சேனை கெடைக்கும்லா, ஒண்ணு வாங்கிட்டு வாங்க, மைனிக்கு வெச்சுக் குடுத்துவிட்டுப் பாப்போம்" என்றாள். அவர் உப்பை இறக்கிவிட்டு ஒரு கிழங்கோடு வந்தார். அது நீளமாக, கறுப்பாக, முழங்கைத் தண்டியில் இருந்தது.

"இது சேனையாங்க?"

"சேனைன்னுதான் கேட்டேன். அவனும் ஆமான்னுதான் தலைய ஆட்டுனான். எனக்குத் தெரிஞ்ச மலையாளம் அம்புட்டுதான்."

கிழங்கின் தலையில் இளஞ்சிவப்பாக ஒரு முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முளைவிட்ட ஒன்றை அரிவாள்மனையில் வைக்க ஜெயக்கொடிக்கு மனசு வரவில்லை. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நாரும் மக்கிய சாணியும் நிரப்பி, அதில் கிழங்கை நட்டு வாசலோரம் வைத்தாள்.

வந்தது சேனை இல்லை. கறிக்கு ஆகிற சேம்பும் இல்லை. அழகுக்கென்று பங்களாக்களில் வளர்க்கிற ஏதோ ஒரு ராட்சதச் சேம்பு. முதல் இலை தாம்பாளம் அளவு, அடுத்தது முறம் அளவு, அதற்கடுத்தது ஆளைப் படுக்க வைக்கிற பாய் அளவு. ஒவ்வொரு இலையும் முந்தின இலையின் தண்டுக்குள்ளிருந்து சுருட்டி வைத்த துணி மாதிரி வந்து, பொழுது விடிய விடிய விரிந்தது. மேற்கு வெயில் பட்டால் ஓரம் கருகுகிறது என்று கண்டு, பழைய சேலையை இழுத்துக் கட்டி நிழல் செய்தாள். மீன் கழுவின தண்ணியும் அரிசி களைந்த தண்ணியும் மாற்றி மாற்றி ஊற்றினாள். உப்பளத்துக் காற்று இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும். தினமும் காலையில் ஈரத்துணியால், நடு நரம்பிலிருந்து ஓரத்துக்கு, மேலே ஒரு தரம், அடியில் ஒரு தரம், அவள் துடைத்துவிடுவதைப் பார்த்தால் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு உடம்பு துடைக்கிறாளோ என்று தோன்றும். மஞ்சளடித்த இலையை நறுக்கும்போது பால் பட்டுக் கை அரித்தால், "கடி, கடி, உனக்கும் கோவம் வரும்லா" என்று செடியிடம் சொல்வாள்.

செடியிடம் பேசுவது செடிக்காக மட்டும் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வாசலில் சிவகனி தன் வெள்ளாட்டைக் கட்டியிருந்தாள். அதற்கு மகாராணி என்று பேர். ஜெயக்கொடி செடியைப் பார்த்து, "இன்னைக்குச் சாளை மீன் வாங்கிருக்கேன், திங்கத்தான் ஆளில்ல" என்பாள். சிவகனி ஆட்டைப் பார்த்து, "ஏ மகாராணி, சில பேரு மீனக் கழுவுத லட்சணத்துக்கு நமக்கு நீ திங்குத கொழையே தேவாமிர்தம்" என்பாள். ஜெயக்கொடிக்கு அன்று முழுக்க அதுவே போதும். மைனி குரல் கேட்டுவிட்டதல்லவா.

தண்ணி சொட்ட ஆரம்பித்ததும் தெரு தானாகவே ஒரு ஒழுங்குக்கு வந்தது. விடியும்போது பெரிய இலைகளுக்குக் குடம், இளம் இலைகளுக்குச் செம்பு. இலையைக் கையால் தொடக்கூடாது, சோப்புக் கையோடு பக்கத்தில் வரக்கூடாது, தண்ணி பிடிக்கிறவர்கள் கிணற்றிலிருந்து கரிப்புத் தண்ணி இறைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தண்ணி லாரிக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் வராமல் இருந்து, பிறகு தன் வீட்டுக்கே ஒரு குடம் கேட்டு வந்தார். யாரோ தண்டில் மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, சூடம் கொளுத்தப் பார்த்தார்கள். "இலைக்கு மூச்சு முட்டும், சூட்டுல கருகிப் போவும், அங்கிட்டுக் கொண்டு போங்க" என்று ஜெயக்கொடி விரட்டிவிட்டாள். தொட்டி விளிம்பில் விளைந்த உப்பைச் சுரண்டிக் குழம்புக்குப் போட்டுக்கொண்டார்கள். கடல் உப்பைவிட ருசியான உப்பு என்று பேச்சு.

தெருவில் அந்தத் தண்ணியைத் தொடாத ஒரே ஆள் சிவகனி. அவள் கேன் தண்ணி வாங்கி, அதைத் தெரு பார்க்க உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

இந்த நிலைமையில் முத்தரசி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடு வீட்டில் உட்கார்ந்து, "அம்மா, ஒண்ணு சொல்லிட்டேன். பிள்ளைக்குச் சேனை வைக்கணும்னா அத்தைதான் வைக்கணும்" என்றாள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுத் தித்திப்பைத் தொட்டு வைப்பதற்கு அங்கே சேனை வைப்பது என்று பேர். யார் விரலால் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் ஆள் தேடுவதில் மாப்பிள்ளை தேடுகிற அளவுக்கு ஆராய்ச்சி நடக்கும். தெரு தன் யோசனைகளைச் சொல்லியது. வாத்தியார் நல்லவர், ஆனால் எச்சில் கையால் காக்காய் விரட்ட மாட்டார். முக்குக் கடைத் தங்கபுஷ்பம் சிரித்த முகம், ஆனால் ஒரு ரகசியம் அவள் வாயில் தங்காது. தையல்காரர் பொறுமைசாலி, பொறுமை கூடிப்போய்த் தீபாவளிச் சட்டையைப் பொங்கலுக்குத்தான் கொடுப்பார்.

"எனக்குச் சேனை வெச்சது யாரு? அத்தை. எம் பிள்ளைக்கும் அத்தை விரலுதான். இல்லன்னா யாரும் வைக்க வேண்டாம்" என்றாள் முத்தரசி. அதைச் சொன்ன விதத்திலேயே அவளுக்குச் சேனை வைத்தது யார் என்று தெரிந்தது.

ஜெயக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போகலாம் என்றால், பேர் வைக்கிறவரை பச்சைப்பிள்ளை வாசல் தாண்டக்கூடாது. மைனி இங்கே வந்தால், வழக்கப்படி பிள்ளை இருக்கிற வீட்டுத் தண்ணியில்தான் விரலை நனைத்து வைக்க வேண்டும். அவள்தான் நனைக்க மாட்டேன் என்று பந்தியில் சொல்லிவிட்டாளே. தன் ஒரு கை பிசகியதற்குப் பேரப்பிள்ளை வாயில் ஒரு சொட்டுத் தித்திப்பு இல்லாமல் போகப்போகிறது என்று நினைத்து நினைத்து, துடைத்த இலையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் செடி அடுத்த இலையை விட்டது. செடிகள் வெளிச்சத்தைப் பார்த்து வளரும், வெளிச்சம் எதிர்வீட்டுப் பக்கம்தான் என்பதால் எல்லா இலையுமே அந்தப் பக்கம் சாய்ந்துதான் நின்றன. ஜெயக்கொடி தொட்டியைத் திருப்பி வைத்தாலும் மறுபடி அங்கேதான் திரும்பும். ஆனால் இந்த இலை சாய்வதோடு நிற்கவில்லை. தண்டு தெருவுக்கு மேலே நீண்டது, மின்கம்பிக்குக் கீழே பதவிசாகக் குனிந்தது, சைக்கிளில் போகிறவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். எதிர்வாசலை எட்டியதும் விரிந்தது. விரித்த இலையில் சிவகனியின் முற்றம் முழுக்க நிழல் விழுந்தது. மறுநாள் விடியும்போது அதன் நுனி சிவகனியின் துவைக்கிற கல்லுக்கு நேராகத் தொங்கி, மற்ற எல்லா இலையையும்விட வேகமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சிவகனி குடம் வைக்கவில்லை. தண்ணி மண்ணில் விழுந்து ஓடியது, மகாராணி மட்டும் நக்கிக் குடித்தது. தூத்துக்குடியில் நல்ல தண்ணி மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தெருவும் சும்மா இருக்காது. வேர் ஜெயக்கொடி வீட்டில் இருக்கிறது, நுனி சிவகனி வீட்டில் இருக்கிறது. அந்தத் தண்ணியில் கை வைத்தால் யார் வீட்டில் கை நனைத்ததாக ஆகும் என்பதைப் பற்றி டீக்கடையில் நாள் கணக்கில் பேசினார்கள். அடுத்த வீட்டு முருங்கைக்காய் நம் பக்கம் தொங்கினால் பறிக்கிறோமே என்று ஒரு கட்சி, பறித்துவிட்டுச் சண்டையும் போடுகிறோமே என்று இன்னொரு கட்சி. சேனை என்று கேட்டு வாங்கின கிழங்கு சேனை வைக்கத்தான் வந்திருக்கிறது, லிங்கதுரை ஏமாறவே இல்லை என்று தையல்காரர் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

முத்தரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பாலைத் தவிர சீனித்தண்ணி, தேன் என்று எதையும் வாயில் ஊற்றினால் நடப்பதே வேறு என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தார். "ஊத்த வேண்டாம், அத்தை விரலு ஈரம் உதட்டுல பட்டாப் போதும்" என்று முத்தரசி இறங்கி வந்தாள். அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த காலையில், அழுகைச் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. சிவகனி வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே போனாள், மறுபடி வந்தாள். கடைசியில் ஆட்டைப் பார்த்து, கரகரத்த குரலில், "ஏ மகாராணி, ஊரான் வீட்டு இலை நம்ம வீட்டுல வந்து மறைச்சுக்கிட்டு நிக்கி. எதிர்வீடே தெரியல. வெட்டி எடுத்தா நல்லாருக்கும்" என்றாள்.

ஜெயக்கொடி அதைக் கேட்டாள். உள்ளே போய் அரிவாளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். குடத்தோடு நின்றவர்கள், "ஏ ஜெயக்கொடி, என்ன காரியம் செய்யுத? தெருவுக்கே தண்ணி போயிருமே" என்று மறித்தார்கள். "மைனி வேண்டாம்னா வேண்டாம்" என்று விலக்கிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிவகனியின் முற்றத்தில் கால் வைத்து, தண்டைப் பிடித்து, அரிவாளை ஓங்கினாள். ஓங்கிய கை இறங்கவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி துடைத்துத் துடைத்து வளர்த்த செடியல்லவா.

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? பச்சை இலைய வெட்ட வாற!" என்று சிவகனி ஓடி வந்து அரிவாள் கையைப் பிடித்தாள். ஆட்டிடம் இல்லை, நேராக ஜெயக்கொடியிடம்.

"நீங்கதான மைனி வெட்டச் சொன்னிய."

"நான் சொன்னா நீ உடனே வெட்டிருவியா? என்னைக்கும் உனக்கு இலைதாம்ட்டி! அன்னைக்கும் நான் எந்திரிக்கப் போறேன்னு தெரிஞ்சும் நீ இலையத்தான் திருப்பிப் போட்ட. என் கையப் புடிச்சு, உக்காருங்க மைனின்னு ஒத்தச் சொல்லு சொன்னியா? முறத்தக் கொண்டாந்து காட்டுதாவ, பேப்பர விரிச்சுக் காட்டுதாவ. எனக்கு வலது இடது தெரியாதா? எதிர நின்னு போட்டா மாறிப்போவும்னு அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ வரல. அதாம் எனக்கு. எல்லாரும் வந்தாவ, நீ வரல. தெனமும் இங்கன உக்காந்து நீ அந்த இலையத் தொடைக்கதப் பாத்துக்கிட்டே கெடந்தேன்."

ஜெயக்கொடி அரிவாளைக் கீழே போட்டாள். மைனியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தப்புதான் மைனி. நான்தான் வந்திருக்கணும். நீங்க இல்லாம எனக்கு ஒண்ணுமே இறங்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு, தெரு பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அழுதாள். இலை அவர்கள் இரண்டு பேர் கை மேலும் சொட்டிக்கொண்டிருந்தது.

சிவகனி மூக்கை உறிஞ்சினாள். "சொன்ன சொல்லு சொன்னதுதான், பாத்துக்கோ. உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். இது என் வீடு. இங்கன நனையுறது அதுல வராது" என்றாள். டீக்கடையில் நாள் கணக்கில் வராத தீர்ப்பு அப்படி ஒரே மூச்சில் வந்தது. பிறகு வலது கை ஆள்காட்டி விரலை இலை நுனியில் வைத்து நன்றாக நனைத்து, அதை மேலே தூக்கிப் பிடித்தபடியே தெருவைக் கடந்தாள். குடங்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டன. விரலிலிருந்து வழிந்த தண்ணி முழங்கை வரைக்கும் போனதே தவிர, விரல் காயவே இல்லை.

கட்டிலில் முத்தரசி பிள்ளையை நீட்டினாள். சிவகனி அந்த விரலை உதட்டில் ஒற்றினாள். பிள்ளை சப்புக்கொட்டியது, நெற்றியைச் சுருக்கி யோசித்தது, அழுகையை நிறுத்தியது, பிறகு அந்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டது. சிவகனி மெதுவாக இழுத்துப் பார்த்தாள். வீடு இடிகிற மாதிரி ஒரு கத்தல். விட்டாள், அமைதி. மறுபடி இழுத்தாள், மறுபடி கத்தல்.

"பிடிச்ச பிடிய விடாது. அத்தை சேனைலா" என்றாள் முத்தரசி பெருமையாக.

பொழுது உச்சிக்கு வந்தது. பிள்ளை தூங்கியும் விரலை விடவில்லை. சிவகனி கட்டிலோரத்தில் கோணலாக உட்கார்ந்தபடியே இருந்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஜெயக்கொடிக்குத் தெரியும். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவகனி தட்டைப் பார்த்தாள், பிள்ளையின் பிடியில் இருந்த தன் வலது கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஜெயக்கொடி சோற்றைப் பிசைந்து, முள் எடுத்த மீனை அதற்குள் வைத்து, உருண்டையாக உருட்டி, நீட்டினாள்.

"வாயத் தொறங்க மைனி."

சிவகனி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள், கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். தட்டில் பாதி காலியானது.

"நான் ஒண்ணும் கை நனைக்கல, பாத்துக்கோ" என்றாள் சிவகனி, வாய் நிறையச் சோற்றோடு.

"இல்ல மைனி, நனைக்கல" என்று சொல்லிக்கொண்டே ஜெயக்கொடி அடுத்த உருண்டையை உருட்டினாள்.